நாரணாபுரத்துப் பட்டாசுக் கிடங்கும் சேமிப்புக் கொத்தும்: வேறுபட்ட வன்தட்டுகளைக் கலந்து பயன்படுத்துதல் குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அச்சு ஆவணங்களையும் நூல்களையும் மின்னுருவாக்கிப் பாதுகாக்க முனையும் சிறு நிறுவனங்கள் பல்வேறு காலங்களில் வாங்கிய, பல்வேறு அளவும் ஆக்கமும் உடைய வன்தட்டுகளை ஒரே சேமிப்புக் கொத்தில் இணைக்க வேண்டிய நிலையில் உள்ளன. அவ்வாறு கலத்தல் தகுமா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. கொள்ளளவு, வேகம், எழுதும் முறை ஆகியவற்றில் அமையும் வேறுபாடு கொத்துக்கு இழப்பைத் தருகிறது. உற்பத்தியாளர், உற்பத்தித் தொகுதி, பயன்பாட்டுக் காலம் ஆகியவற்றில் அமையும் வேறுபாடு கொத்துக்குப் பாதுகாப்பைத் தருகிறது. இவ்விருவகை வேறுபாடுகளையும் பிரித்தறிந்து எதனை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் நெறியைச் சிவகாசி வட்டாரப் பட்டாசுக் கிடங்குகளின் பிரிப்பு முறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்

வன்தட்டு, சேமிப்புக் கொத்து, கணு, படி, பழுதுப் பரப்பு, மின்னுருவாக்கம், நாரணாபுரம், சிவகாசி

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்துள்ள நாரணாபுரம், பட்டாசுத் தொழில் வேரூன்றிய ஊர்களுள் ஒன்று. 1920களில் தீப்பெட்டித் தொழிலோடு தொடங்கிய இவ்வட்டாரத்தின் தொழில் வாழ்க்கை பின்னர்ப் பட்டாசு, அச்சு என இரு துறைகளிலும் விரிந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தேவையே சிவகாசி அச்சகங்களின் வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று. நாட்காட்டிகள், தீப்பெட்டிச் சீட்டுகள், பட்டாசு உறைகள் ஆகியன இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மக்களின் காட்சிப் பண்பாட்டை அறிய உதவும் சான்றுகள் ஆகும். இவை மலிவான தாளில் அச்சிடப்பட்டு, ஓராண்டு முடிந்ததும் எறியப்படுபவை. எனவே இவற்றை மின்னுருவாக்கிக் காத்தல் உடனடித் தேவையாகிறது.

மின்னுருவாக்கத்தின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஏ4 அளவுத் தாள் ஒன்றினை அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அடர்த்தியில் முழு வண்ணத்தில் சுருக்காமல் பதிவு செய்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் தேவைப்படும். 300 பக்க நூலுக்கு இது 7.8 கிகாபைட், 1000 நூல்களுக்கு 7.8 டெராபைட். 15 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உடைய நாட்காட்டிப் படம் ஒன்றினை 600 புள்ளி அடர்த்தியில் பதிந்தால் அது மட்டுமே 324 மெகாபைட் ஆகும். பாதுகாப்புக்கென மூன்று படிகள் வைப்பின் இத்தொகை மும்மடங்காகும்.

இவ்வளவு இடத்தை ஒரே நேரத்தில் வாங்கும் பொருள்வசதி கல்லூரித் துறைகளுக்கும் சிறு ஆவணக் காப்பகங்களுக்கும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஓராண்டு நிதியில் 4 டெராபைட் வன்தட்டுகள் சில வாங்கப்படுகின்றன. இரண்டாண்டு கழித்து அதே விலையில் 8 டெராபைட் கிடைக்கிறது. பழைய வகை கடையில் இருப்பதில்லை. இந்நிலையில் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்துப் பயன்படுத்தலாமா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சேமிப்புக் கொத்து இயங்கும் முறை

கணினிகள் பலவற்றில் உள்ள வன்தட்டுகளை வலையமைப்பால் இணைத்து ஒரே சேமிப்பிடம்போல் இயங்கச் செய்யும் அமைப்பே சேமிப்புக் கொத்து. பேச்சு வழக்கில் இது கிளஸ்டர் எனப்படும். கொத்தில் இடம்பெறும் ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். ஒரு கோப்பு கொத்துக்குள் வந்ததும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் குறித்த எண்ணிக்கையில் படிகள் எடுக்கப்பட்டு, அப்படிகள் வெவ்வேறு கணுக்களில் வைக்கப்படுகின்றன. ஒரு கணு பழுதுற்றாலும் ஏனைய கணுக்களிலிருந்து கோப்பு கிடைக்கும்.

இவ்வகை மென்பொருள்களுள் செஃப் என்பது பரவலாக அறியப்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் மேற்கொண்ட ஆய்வில் உருவான இதன் அடிப்படைக் கட்டுரைகள் 2006இல் வெளிவந்தன. எந்தப் படியை எந்த வன்தட்டில் வைப்பது என்பதை இம்மென்பொருள் பட்டியலிட்டு வைத்துக்கொள்வதில்லை. கிரஷ் என்னும் கணக்கீட்டு முறையால் ஒவ்வொரு முறையும் கணித்துக்கொள்கிறது. இக்கணக்கீட்டில் ஒவ்வொரு வன்தட்டுக்கும் ஓர் எடை உண்டு. வழக்கமாக ஒரு டெராபைட்டுக்கு ஒன்று என எடை அமையும். ஆகவே 8 டெராபைட் வன்தட்டு 4 டெராபைட் வன்தட்டைப் போல் இருமடங்கு தரவைப் பெறும்.

இதற்கு முந்தைய முறையான ரெய்டு, கணினி ஒன்றுக்குள் வன்தட்டுகளை இணைப்பது. 1988இல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் நிலைபெற்றது. ரெய்டு வரிசையில் அளவு வேறுபட்ட வன்தட்டுகளை வைத்தால், ஒவ்வொன்றிலும் மிகச் சிறியதன் அளவே பயன்படும். 4, 4, 8 டெராபைட் வன்தட்டுகளை இணைப்பின் எட்டில் பாதி வீணாகும். எடைமுறை கொண்ட கொத்து இவ்விழப்பைத் தவிர்க்க முயல்கிறது. எனினும் அது முழுமையாகத் தவிர்ப்பதில்லை என்பது மூன்றாம் பகுதியில் விளங்கும்.

2. பட்டாசுக் கிடங்கு உணர்த்தும் நெறி

நாரணாபுரம் உள்ளிட்ட சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றைக் காண்போர், அது ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் சிறு அறைகள் பலவாகச் சிதறிக் கிடப்பதை முதலில் கவனிப்பர். மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, காயவைக்கும் மேடை, மூலப்பொருள் கிடங்கு, முடிவுற்ற பட்டாசுகளின் கிடங்கு ஆகியன இடைவெளிவிட்டு அமைந்திருக்கும். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இவ்விடைவெளிகளையும், ஓரிடத்தில் இருக்கத்தக்க மருந்தின் அளவையும் வரையறுக்கின்றன. ஓர் அறையில் விபத்து நேரின் அது அடுத்த அறைக்குத் தாவாதிருத்தலே இவ்வமைப்பின் நோக்கம்.

இரண்டாவது நெறி பொருள்களின் சேர்க்கை பற்றியது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவை உரிய அளவில் சேர்வதாலேயே பட்டாசு உருவாகிறது. அதே கந்தகம் குளோரேட்டு உப்புகளோடு கலப்பின் சிறு உராய்விலும் தீப்பற்றும் நிலையற்ற கலவையாகும். இக்கலவை இந்தியாவில் 1992 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே இவ்வட்டாரத்துத் தொழிலறிவு, எப்பொருள் எதனோடு சேரலாம், எது எதனோடு சேரலாகாது என்று பகுத்துக் கேட்கிறது. பொதுவாகக் கலக்கலாமா கூடாதா என்னும் வினாவுக்கு அங்கே பொருளில்லை.

இவ்விரு நெறிகளும் சேமிப்புக் கொத்துக்கும் பொருந்தும். ஒன்றாகப் பழுதுறக்கூடிய பொருள்களின் எல்லையைப் பழுதுப் பரப்பு எனலாம். ஒரு வன்தட்டு ஒரு பழுதுப் பரப்பு. ஒரே மின்வழங்கியைப் பகிரும் கணு மற்றொன்று. ஒரே அறை இன்னொன்று. படிகள் எப்போதும் வெவ்வேறு பழுதுப் பரப்புகளில் இருத்தல் வேண்டும். ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. கிடங்குகளில் வைக்கப்படுவன வெவ்வேறு சரக்குகள். ஒரு கிடங்கு அழியின் அதிலுள்ள சரக்கு அழியும். கொத்தின் கணுக்களிலோ ஒரே தரவின் படிகள் உள்ளன. எல்லாப் படிகளும் அழிந்தால் மட்டுமே தரவு அழியும். எனவே கொத்தில் இடைவெளியின் பயன் மேலும் மிகுதியாகிறது.

3. கொள்ளளவில் வேறுபாடு

எடைமுறை இருப்பதால் அளவு வேறுபட்ட வன்தட்டுகளை எவ்வாறும் இடலாம் என்னும் கருத்து நிலவுகிறது. இது பிழை என்பதை எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு துறையிடம் 4 டெராபைட் வன்தட்டுகள் ஆறும் 8 டெராபைட் வன்தட்டுகள் ஆறும் உள்ளன எனக் கொள்வோம். கணுக்கள் மூன்று; ஒவ்வொன்றிலும் நான்கு வன்தட்டுகள் பொருத்தலாம். மூன்று படிகள் வைக்கப்படும். ஒரு கணுவில் ஒரு படியே இருக்கும்.

வாங்கிய வரிசைப்படி நிரப்பினால் முதற்கணுவில் 4 டெராபைட் வன்தட்டுகள் நான்கு அமைந்து 16 டெராபைட் ஆகும். இரண்டாம் கணுவில் இருவகையும் இரண்டிரண்டாக அமைந்து 24 ஆகும். மூன்றாம் கணுவில் 8 டெராபைட் நான்கு அமைந்து 32 ஆகும். மொத்தம் 72. மூன்றால் வகுத்தால் 24 டெராபைட் தரவு கொள்ளும் என்று தோன்றும். ஆயின் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு படி முதற்கணுவில் இருந்தே ஆக வேண்டும். அக்கணுவின் அளவோ 16. எனவே கொத்து கொள்ளும் தரவு 16 டெராபைட் மட்டுமே. ஏனைய கணுக்களில் மொத்தம் 24 டெராபைட் இடம் பயனற்றுக் கிடக்கும்.

அதே 12 வன்தட்டுகளை ஒவ்வொரு கணுவிலும் 8 டெராபைட் இரண்டும் 4 டெராபைட் இரண்டுமாக மாற்றி வைத்தால் ஒவ்வொரு கணுவும் 24 டெராபைட் ஆகிறது. கொத்து 24 டெராபைட் தரவைக் கொள்கிறது. புதிதாக ஒரு வன்தட்டும் வாங்காமல், இடமாற்றத்தால் மட்டுமே 8 டெராபைட் கிடைக்கிறது. முன்னுரையில் கண்ட கணக்கின்படி இது ஏறத்தாழ 1000 நூல்களுக்குரிய இடம். ஆகவே வன்தட்டுகளின் அளவு வேறுபடுவது குற்றமன்று. கணுக்களின் மொத்த அளவு வேறுபடுவதே குற்றம்.

இந்த 24 டெராபைட்டும் முற்றிலும் நிரப்பத்தக்கதன்று. செஃப் கொத்தில் இயல்பு அமைப்பின்படி ஒரு வன்தட்டு 85 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்கை எழும். 95 விழுக்காட்டை எட்டியதும் எழுதுதல் தடைப்படும். கொத்தின் சராசரி குறைவாக இருப்பினும், ஒரே ஒரு வன்தட்டு நிரம்பினாலே இத்தடை நேரும். சீரற்ற அளவுடைய வன்தட்டுகளில் தரவு சீராகப் பரவாதபோது இந்நிலை விரைவில் வரும். மேலும் ஒரு வன்தட்டு பழுதுற்றால் அதிலிருந்த தரவை ஏற்க அதே கணுவில் வெற்றிடம் வேண்டும். கணுவில் மிகப் பெரிய வன்தட்டு எதுவோ அதன் அளவுக்கு வெற்றிடம் ஒதுக்குதல் நலம். 4 டெராபைட் வன்தட்டுகளிடையே 16 டெராபைட் ஒன்றை நுழைப்போர், அந்த ஒன்றின் இழப்பை ஏற்கும் இடம் அக்கணுவில் எங்கே உள்ளது என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

4. வேகத்தில் வேறுபாடு

வன்தட்டின் கொள்ளளவு பெருகிய அளவுக்கு அதன் வேகம் பெருகவில்லை. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒன்று, ஆங்காங்கே சிதறிய சிறு கோரிக்கைகளை நொடிக்கு ஏறத்தாழ 100 என்னும் அளவிலேயே நிறைவேற்றும். 4 டெராபைட் ஆயினும் 16 டெராபைட் ஆயினும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. தட்டின் சுழற்சியும் படிக்கும் முனையின் நகர்வுமே இதனைத் தீர்மானிக்கின்றன.

எடைமுறைப்படி 16 டெராபைட் வன்தட்டு 4 டெராபைட் வன்தட்டைப் போல் நான்கு மடங்கு தரவைப் பெறுவதால் கோரிக்கைகளையும் நான்கு மடங்கு பெறும். நிறைவேற்றும் ஆற்றலோ ஒன்றே. எனவே பெரிய வன்தட்டு இடையறாது உழைக்க, சிறியவை ஓய்ந்திருக்கும். எழுதுதலில் இதன் விளைவு மேலும் தெளிவானது. எல்லாப் படிகளும் எழுதி முடிந்த பின்னரே எழுதுதல் முடிந்ததாகக் கொத்து அறிவிக்கும். ஆகவே மூன்றனுள் மிக மெதுவான வன்தட்டின் வேகமே கொத்தின் வேகமாகிறது.

ஆவணக் காப்பகத்தைப் பொறுத்தவரை இக்குறை பொறுக்கத்தக்கது. ஒருமுறை எழுதப்பட்டு அரிதாகப் படிக்கப்படும் பெரிய படக் கோப்புகளுக்கு வேகம் தலையாய தேவையன்று. படித்தற்கு முதன்மைப் படியாக விரைவான வன்தட்டையே தேர்ந்தெடுக்குமாறு செஃப் மென்பொருளில் அமைக்கவும் இயலும். வன்தட்டுகளையும் திண்ம நிலைச் சேமிப்பான்களையும் வெவ்வேறு வகுப்புகளாகப் பிரித்தாளும் வசதி 2017இல் வெளிவந்த பதிப்பு முதல் அதில் உள்ளது. தேடலுக்குரிய அட்டவணைத் தரவை விரைவான வகுப்பிலும் படக் கோப்புகளை வன்தட்டு வகுப்பிலும் வைப்பது பொருத்தமாகும்.

5. எழுதும் முறையில் வேறுபாடு

வன்தட்டுகளைக் கலப்பதில் கந்தகமும் குளோரேட்டும் சேர்வதற்கு நிகராகக் கருதத்தக்கது எழுதும் முறையின் வேறுபாடே ஆகும். வழக்கமான வன்தட்டில் தரவுத் தடங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தனித்தனியே அமையும். கொள்ளளவைப் பெருக்கும் பொருட்டு உருவான மற்றொரு முறையில், கூரையில் நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் பாதி மூடியவாறு எழுதப்படும். இதனை மேற்கவிவு முறை எனலாம். வேய்ந்த கூரையின் நடுவே ஓர் ஓட்டினை மாற்ற, அதன்மேல் கவிந்தவற்றையும் எடுத்து மீண்டும் அடுக்க வேண்டும். அவ்வாறே மேற்கவிவு வன்தட்டில் ஒரு சிறு பகுதியைத் திருத்த, அப்பகுதி அடங்கிய மண்டலம் முழுவதையும் படித்து மீண்டும் எழுத வேண்டும். ஒரு மண்டலம் பெரும்பாலும் 256 மெகாபைட் அளவினது.

இத்தாமதத்தை மறைக்க வன்தட்டுக்குள் இடைத்தாங்கு பகுதி ஒன்று உள்ளது. வரும் தரவு முதலில் அங்கே சேர்ந்து, ஓய்வு நேரத்தில் உரிய இடத்திற்கு மாற்றப்படும். அன்றாடப் பயன்பாட்டில் குறை தெரியாது. ஒரு வன்தட்டு பழுதுற்று, அதற்கு மாற்றாகப் புதியது பொருத்தப்படும்போது நிலைமை வேறாகிறது. அப்போது பல மணி நேரம் இடைவிடாது எழுத வேண்டியிருப்பதால் இடைத்தாங்கு பகுதி நிரம்பி, எழுதும் வேகம் பெரிதும் வீழ்கிறது. சாதாரண வன்தட்டில் ஒரு நாளில் முடியும் மீளமைப்பு பல நாள்கள் நீளும். சில வேளைகளில் மென்பொருள் அவ்வன்தட்டைப் பழுதுற்றதெனக் கருதி விலக்கிவிடுவதும் உண்டு. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே இக்குறை வெளிப்படுகிறது என்பது கருதத்தக்கது.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் இச்சிக்கல் உலக அளவில் பேசப்பட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில வன்தட்டுகள் மேற்கவிவு முறையில் இயங்குவது தெரியவந்தது. விவரக் குறிப்பில் இது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன்பின் அந்நிறுவனம் எவ்வெவ்வகை எம்முறையில் இயங்குகிறது என்னும் பட்டியலை வெளியிட்டது. சீகேட், தொஷிபா நிறுவனங்களும் தம் வன்தட்டுகளின் முறையைத் தெளிவுபடுத்தின. ஆகவே வாங்குவோர் கொள்ளளவையும் விலையையும் மட்டும் நோக்காது, வகை எண்ணைக் கொண்டு எழுதும் முறையை உறுதி செய்தல் இன்றியமையாதது.

பிழையைக் கையாளும் முறையும் இவ்விடத்தில் சுட்டத்தக்கது. மேசைக் கணினிக்குரிய வன்தட்டு, படிக்க இயலாத பகுதியை மீண்டும் மீண்டும் முயன்று நீண்ட நேரம் வாளாவிருக்கும். சேமிப்புக் கொத்துக்கென ஆக்கப்பட்ட வன்தட்டு ஏறத்தாழ 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடும். தரவு மற்றொரு படியிலிருந்து பெறப்படும். முன்னதைக் கொத்தில் சேர்ப்பின் அது ஒன்றே ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்யும்.

6. ஒரே தன்மையால் விளையும் தீங்கு

மேற்கூறியவற்றை நோக்குவோர், எல்லா வன்தட்டுகளையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகையில் வாங்குவதே சிறந்தது என்னும் முடிவுக்கு வரக்கூடும். வேகத்திற்கும் கொள்ளளவிற்கும் அது நன்றே, பாதுகாப்பிற்கு அன்று.

வன்தட்டு ஒன்று ஓராண்டில் பழுதுறும் வாய்ப்பு 2 விழுக்காடு எனக் கொண்டால், குறித்த ஒரு நாளில் அது பழுதுறும் வாய்ப்பு ஏறத்தாழ 18,000இல் ஒன்று. ஒரு வன்தட்டு பழுதுற்று மீளமைக்கப்படும் நாளிலேயே குறித்த மற்றொன்றும் பழுதுறுதல் மிக அரிது என்று இக்கணக்கு கூறும். ஆயின் இக்கணக்கு, ஒன்றன் பழுதுக்கும் மற்றொன்றன் பழுதுக்கும் தொடர்பில்லை என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ 1,00,000 வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, வன்தட்டு மாற்றங்கள் காலத்தால் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று காட்டியது. ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுதல் இயல்பென்றும், சில அமைப்புகளில் அது 13 விழுக்காடு வரை சென்றதென்றும் அவ்வாய்வு குறிப்பிட்டது. அதே ஆண்டில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பழுது விகிதம் உற்பத்தியாளர், வகை, உற்பத்திக் காலம் ஆகியவற்றோடு தொடர்புடையது என்றது. பரப்பாய்வில் முதற்பிழை காட்டிய வன்தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் பழுதுறும் வாய்ப்பு, பிழை காட்டாததைப் போல் 39 மடங்கு என்பதும் அவ்வாய்வின் முடிவு.

ஒரே தன்மையின் தீங்கினை முழுமையாகக் காட்டிய நிகழ்வு 2019 நவம்பரில் வெளிப்பட்டது. எச்.பி. எண்டர்பிரைஸ் நிறுவனம் வழங்கிய சில திண்ம நிலைச் சேமிப்பான்களின் நிலைபொருளில் இருந்த பிழையால், அவை சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலற்றுப்போகும் என்று அந்நிறுவனமே அறிவித்து, திருத்திய நிலைபொருளை வெளியிட்டது. இது 3 ஆண்டும் 270 நாளும் 8 மணியும் ஆகும். ஒரே நாளில் இயக்கப்பட்ட சேமிப்பான்கள் அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடும் என்பதே இதன் பொருள். இவை சுழலும் வன்தட்டுகள் அல்ல; எனினும் ஒரே நிலைபொருளைக் கொண்ட எச்சாதனத்திற்கும் இப்பாடம் பொருந்தும். அங்கே மூன்று படிகளும் ஒரே படியாகிவிடுகின்றன.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது புதிதன்று. ஒரே மூலச்சுவடியிலிருந்து படியெடுத்த பத்துச் சுவடிகள் மூலத்தின் பிழையையும் சிதைவையும் பத்து முறை சுமக்கும். அவை பத்துச் சான்றுகள் ஆவதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று வெவ்வேறு இடத்துச் சுவடிகளைத் தேடியதன் பயனும் இதுவே. வேறு வழியில் வந்த படியே சிதைந்த இடத்தை நிரப்பும். வன்தட்டுகளிலும் படிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் வழியும் எண்ணப்பட வேண்டும்.

7. வைப்புமுறை: இருநெறிகளின் இணைப்பு

மூன்றாம் பகுதியில் கண்ட எடுத்துக்காட்டை இப்போது மீண்டும் நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் 8 டெராபைட் இரண்டும் 4 டெராபைட் இரண்டுமாக வைத்த அமைப்பு கொள்ளளவில் சிறந்தது. அதிலுள்ள 8 டெராபைட் வன்தட்டுகள் ஆறும் ஒரே தொகுதியில் வந்தவை எனவும், பொதுக் குறையொன்றால் அவை ஒருங்கே பழுதுறுகின்றன எனவும் கொள்வோம். ஒவ்வொரு கணுவிலும் மூன்றில் இரு பங்கு தரவு அவற்றில் உள்ளது. மூன்று படிகளும் அவ்வகையிலேயே அமைந்த தரவு 27இல் 8 பங்கு, அதாவது ஏறத்தாழ 30 விழுக்காடு. அவ்வளவும் மீட்க இயலாமல் அழியும். வாங்கிய வரிசைப்படி நிரப்பிய முந்தைய அமைப்பிலோ முதற்கணு முழுவதும் 4 டெராபைட் வன்தட்டுகளே இருந்தமையால் எல்லாத் தரவுக்கும் ஒரு படி எஞ்சியிருக்கும். இடத்தை வீணாக்கிய அமைப்பு தரவைக் காத்தது. இடத்தைச் சேமித்த அமைப்பு தரவை இழந்தது.

இம்முரண் தீர்வதற்கு இரு வேறுபாடுகளையும் பிரித்தாள வேண்டும். கணுக்கள் மொத்தக் கொள்ளளவில் ஒத்திருத்தல் வேண்டும். ஆக்கத்தில் வேறுபட்டிருத்தல் வேண்டும். அளவின் வேறுபாடு கணுவுக்கு உள்ளேயும், உற்பத்தித் தொகுதியின் வேறுபாடு கணுக்களுக்கு இடையேயும் அமைதல் வேண்டும். மூன்று கணுக்களுள் முதலாவது சீகேட் வன்தட்டுகளையும் இரண்டாவது தொஷிபா வன்தட்டுகளையும் மூன்றாவது வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டுகளையும் கொண்டிருப்பின், ஒரு வகையின் பொதுக்குறை ஒரு படியை மட்டுமே தாக்கும். இன்று உலகில் வன்தட்டு உற்பத்தி செய்வோர் இம்மூவரே. மூன்று படிகளுக்கு மூன்று உற்பத்தியாளர் என்பது இயல்பாகவே பொருந்துகிறது.

சிறு நிறுவனங்களின் கொள்முதலுக்கு இந்நெறியிலிருந்து கீழ்வரும் வழிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, வன்தட்டுகளை மும்மூன்றாக வாங்குதல் வேண்டும். ஒரு முறை வாங்கும் மூன்றும் ஒரே கொள்ளளவினவாகவும் வெவ்வேறு உற்பத்தியாளருடையனவாகவும் இருந்து, கணுவுக்கு ஒன்றாகப் பொருத்தப்பட வேண்டும். ஆண்டுதோறும் கொள்ளளவு மாறினாலும் கணுக்களின் மொத்தம் எப்போதும் ஒத்திருக்கும்.

இரண்டாவதாக, எழுதும் முறை, சுழற்சி வேகம், பிழை கையாளும் முறை ஆகியவற்றை வகை எண்ணைக் கொண்டு உறுதி செய்து, மேற்கவிவு வன்தட்டுகளைக் கொத்துக்கு வெளியே வைத்தல் வேண்டும். அவை தனியே பெட்டியில் வைக்கப்படும் காப்புப் படிக்குப் பயன்படும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வன்தட்டின் வகை எண், நிலைபொருள் பதிப்பு, இயக்கத் தொடக்க நாள், பொருத்திய இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். பட்டாசுக் கிடங்கின் இருப்புப் பதிவேடு போன்றதே இதுவும்.

நான்காவதாக, மீளமைப்புக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டே பெரிய வன்தட்டை வாங்குதல் வேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட் எழுத ஐந்தரை மணி நேரமும், 16 டெராபைட் எழுத 22 மணி நேரமும் ஆகும். இடர்ப்பொழுது நான்கு மடங்காகிறது.

ஐந்தாவதாக, இயலுமாயின் நான்காவது கணு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். மூன்று கணுக்களும் மூன்று படிகளும் கொண்ட கொத்தில் ஒரு கணு வீழின் மூன்றாம் படியை மீண்டும் உருவாக்க இடமில்லை. நான்காவது கணு அவ்விடத்தைத் தரும்.

8. கொத்தின் எல்லை

இவ்வளவு நெறிகளையும் பின்பற்றிய கொத்தும் ஓர் அறைக்குள் இருப்பின் அவ்வறையே அதன் இறுதிப் பழுதுப் பரப்பு. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இடி, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் வேறுபாடு தெரியாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கி ஜூன் 1 வரை நீண்ட இரவில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தில் படியில்லாதவை மீளவில்லை. 2011இல் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளம் வன்தட்டு ஆலைகளையே மூழ்கடித்து, உலகெங்கும் வன்தட்டுகளின் விலையை உயர்த்தியது. ஓரிடத்தில் குவிதலின் தீங்கு படைப்போர்க்கும் பொதுவே. ஆகவே கொத்திலுள்ள தரவின் ஒரு படி வேறோர் ஊரில், வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். நாரணாபுரத்து வண்ணச் சீட்டுகளின் படி மதுரையிலோ சென்னையிலோ ஒரு நூலகத்தில் இருப்பது, உள்ளூரில் நான்காவது படி வைப்பதினும் மிக்க பயன் தரும்.

முடிவுரை

வேறுபட்ட வன்தட்டுகளைக் கொத்தில் கலத்தல் வறுமையால் நேரும் குறையாக மட்டும் கருதப்படுகிறது. உரிய முறையில் வைப்பின் அதுவே காப்பாகவும் அமையும் என்பது மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுகிறது. கொள்ளளவு ஏற்றத்தாழ்வைக் கணுக்களின் மொத்தத்தில் சமன் செய்தல், மேற்கவிவு வன்தட்டுகளை விலக்குதல், ஒரே தொகுதியில் வந்தவற்றை ஒரே கணுவுக்குள் நிறுத்துதல், ஒரு படியை வேற்றூரில் வைத்தல் ஆகிய நான்கும் இதற்கு வேண்டுவன. இவற்றுள் எதுவும் மிகுந்த பொருட்செலவை வேண்டுவதன்று; வாங்கும் முன்னும் பொருத்தும் முன்னும் சிறிது கணக்கிடுதலையே வேண்டுகிறது. மருந்தையும் மூலப்பொருளையும் இடைவெளி அறிந்து வைக்கும் தொழிலறிவு தலைமுறைகளாக நிலவும் வட்டாரத்தில், அவ்வட்டாரத்தின் அச்சுச் செல்வத்தைக் காக்கும் அமைப்பும் அதே இடைவெளி அறிவோடு உருவாதல் பொருத்தமாகும்.